"தகுதியான ஆள் கிடைக்கவில்லை!" - அமெரிக்கத் தொலைக்காட்சியில் பயிற்சித் திட்டங்களின் கதை

1955ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலம், அதன் தலைநகர் ஜாக்சன். அந்த ஊரில் டபிள்யூ.எல்.பி.டி. என்று ஒரு தொலைக்காட்சி நிலையம். என்.பி.சி. நிறுவனத்தின் நிகழ்ச்சிகளை வாங்கி உள்ளூரில் ஒளிபரப்புவது அதன் வேலை. ஒருநாள், நாடு முழுவதும் ஓடிக்கொண்டிருந்த ஒரு நிகழ்ச்சியில் துர்குட் மார்ஷல் என்ற கறுப்பின வழக்கறிஞர் பேச வந்தார். பள்ளிக்கூடங்களில் வெள்ளைக் குழந்தைகளையும் கறுப்புக் குழந்தைகளையும் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1954இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்தவர் அவர். அவர் முகம் தெரிந்ததும் ஜாக்சன் வீடுகளில் படம் நின்றுபோனது. 'மன்னிக்கவும், கேபிள் கோளாறு' என்று ஒரு அட்டை மட்டும் திரையில் தெரிந்தது.

கேபிளில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு நிலையத்தை நடத்தியவர்களின் மனதில் இருந்தது!

அந்த ஒளிபரப்பு எல்லைக்குள் வாழ்ந்தவர்களில் 40 சதவீதத்துக்கும் அதிகமானோர் கறுப்பினத்தவர். ஆனால் திரையில் அவர்களுக்கு இடமில்லை, நிலையத்தின் முடிவுகளிலும் இடமில்லை. "ஏன் எடுக்கவில்லை?" என்று அமெரிக்காவின் எந்த நிலையத்தைக் கேட்டாலும் அடுத்த பல ஆண்டுகளுக்கு ஒரே பதில்தான் வந்தது. "நாங்கள் எடுக்கத் தயார். தகுதியான ஆள்தான் கிடைக்கவில்லை."

இந்தப் பதிலை உடைப்பதற்காக உருவானவைதான் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பயிற்சித் திட்டங்கள். அவை எப்படி வந்தன, எதைச் சாதித்தன, ஏன் பாதியில் நின்றன என்பது சுவாரசியமான கதை. கொஞ்சம் வருத்தமான கதையும்கூட.

ஒரு காகிதத்தின் விலை

கதைக்குள் போகும் முன் அமெரிக்கத் தொலைக்காட்சி வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. போன்ற பெரிய நிறுவனங்கள் நிகழ்ச்சிகளைத் தருகின்றன. அவற்றை ஊர் ஊராக ஒளிபரப்புபவை உள்ளூர் நிலையங்கள். நிலையம் தனியாருடையது. ஆனால் அது பயன்படுத்தும் அலைவரிசை பொதுமக்களின் சொத்து. அதைப் பயன்படுத்த எஃப்.சி.சி. எனப்படும் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் உரிமம் தர வேண்டும். 1960களில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

ஒரு நிலையத்தின் சொத்துப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கட்டடம், கோபுரம், கேமரா எல்லாம் இருக்கும். ஆனால் உரிமம் என்ற அந்தக் காகிதம் இல்லையென்றால் கோபுரம் வெறும் பழைய இரும்பு. விளம்பர வருமானம் முழுவதும் அந்தக் காகிதத்தை நம்பித்தான் இருக்கிறது. அதனால் நிலைய முதலாளிகள் உண்மையில் பயந்தது அந்தக் காகிதம் பறிபோவதற்குத்தான்.

ஆனால் அது பறிபோகும் வாய்ப்பு அதுவரை இருக்கவில்லை. புதுப்பிப்பை எதிர்த்து வாதாட வேண்டுமென்றால், தன் வியாபாரத்துக்கு நஷ்டம் என்றோ, தன் அலைவரிசையில் மின் குறுக்கீடு என்றோ காட்ட வேண்டும். பார்வையாளருக்கு அங்கே வேலையே இல்லை.

1964இல் எவரெட் பார்க்கர் என்ற பாதிரியார் இதை மாற்றக் கிளம்பினார். ஐக்கிய கிறிஸ்து சபையின் தகவல் தொடர்புப் பிரிவை நடத்தியவர் அவர். அந்த ஆண்டு மார்ச் மாதம் ஜாக்சனில் சில தன்னார்வலர்களை ஒரு வீட்டில் உட்கார வைத்து, ஒரு வாரம் முழுக்க டபிள்யூ.எல்.பி.டி. ஒளிபரப்பிய எல்லாவற்றையும் குறிப்பெடுக்க வைத்தார். உயிருக்கு ஆபத்து என்பதால் அவர்களின் பெயர்கள் ரகசியமாக வைக்கப்பட்டன. பயம் காரணமில்லாமல் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1963 மே மாதம், மெட்கர் எவர்ஸ் என்ற உரிமைப் போராளிக்கு அதே நிலையத்தில் பேச அபூர்வமாக நேரம் கிடைத்தது. ஜூன் மாதம் அவர் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

குறிப்புகளோடு பார்க்கரும், ஆரோன் ஹென்றி, ராபர்ட் ஸ்மித் ஆகிய உள்ளூர்க் கறுப்பினத் தலைவர்களும் எஃப்.சி.சி.யிடம் போனார்கள். "உங்களுக்கு வழக்காடத் தகுதியில்லை" என்றது ஆணையம். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பார்வையாளருக்கும் வாதாடும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகும் எஃப்.சி.சி. உரிமத்தைப் புதுப்பித்துக் கொடுத்தது. 1969இல் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. 1971இல் லாப நோக்கமில்லாத வேறொரு அமைப்பு நிலையத்தைத் தற்காலிகமாக ஏற்றது. 1972இல் வில்லியம் டில்டே அதன் பொது மேலாளர் ஆனார். அமெரிக்க வணிகத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் பொது மேலாளர் ஆனது அதுவே முதல் முறை.

நாட்டில் உள்ள ஒவ்வொரு நிலைய முதலாளிக்கும் விஷயம் புரிந்தது. காகிதம் பறிபோகலாம்!

கெர்னர் அறிக்கை

இந்த வழக்கு ஓடிக்கொண்டிருந்தபோதே இன்னொரு பக்கம் தீ பற்றியது. 1967 கோடையில் நியூவார்க், டெட்ராய்ட் போன்ற நகரங்களில் பெரும் கலவரங்கள். டெட்ராய்டில் மட்டும் 43 பேர் இறந்தனர். காரணம் கண்டறிய அதிபர் லிண்டன் ஜான்சன் ஒரு குழு அமைத்தார். தலைவர் இல்லினாய்ஸ் மாநில ஆளுநர் ஓட்டோ கெர்னர். அறிக்கை 1968 தொடக்கத்தில் வெளிவந்தது.

அதில் ஒரு அத்தியாயம் முழுக்கச் செய்தித் துறையைப் பற்றியது. வெள்ளையரின் கண் வழியாக மட்டுமே பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் உலகத்தைக் காட்டுகின்றன என்று அந்த அறிக்கை குற்றம் சாட்டியது. செய்திப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆசிரியர், மேற்பார்வையாளர் பதவிகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சிலரிலும் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் நடத்திய நிறுவனங்களில் இருந்தவர்கள்.

'தகுதியான ஆள் கிடைக்கவில்லை' என்ற புலம்பலையும் அறிக்கை விட்டுவைக்கவில்லை. நேற்றுவரை ஒரு கறுப்பு இளைஞன் இந்த வேலையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத நிலையை உண்டாக்கிவிட்டு, இன்று ஆள் இல்லை என்று சொன்னால் அதை யார் நம்புவார்கள் என்ற பொருளில் கேட்டது. ஆட்களைத் தேட வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும், பதவி உயர்வும் கொடுக்க வேண்டும் என்றது.

கோடைக்காலப் பள்ளி

முதலில் செயலில் இறங்கியவர்களில் ஒருவர் ஃப்ரெட் ஃப்ரெண்ட்லி. சி.பி.எஸ். செய்திப் பிரிவின் தலைவராக இருந்தவர். 1966இல், வியட்நாம் போர் பற்றிய செனட் விசாரணையை நேரடியாகக் காட்டாமல் பழைய நகைச்சுவைத் தொடரை மறுஒளிபரப்பு செய்தார்கள் என்று கோபித்துக்கொண்டு வேலையை விட்டவர். அதன் பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் பேராசிரியர், ஃபோர்டு அறக்கட்டளையில் தொலைக்காட்சி ஆலோசகர்.

1968 கோடையில் கொலம்பியாவில் சிறுபான்மையினருக்கான பயிற்சித் திட்டம் தொடங்கியது. ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுத்தது. இரண்டு ஆண்டுப் படிப்பு இல்லை, பட்டம் இல்லை. ஒரே ஒரு கோடைக்காலம். காலையில் பாடம், பிறகு நியூயார்க் தெருக்களில் செய்தி சேகரிப்பு, எழுதுவது, படம் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது. கறுப்பினத்தவர் மட்டுமல்ல, போர்ட்டோ ரிக்கோ, மெக்சிகோ வம்சாவளியினர், பூர்வகுடியினரும் வந்தார்கள்.

இந்தத் திட்டத்தின் முக்கியமான அம்சம் பாடத்திட்டம் அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலைக்கு ஏற்பாடு செய்வதும் திட்டத்தின் ஒரு பகுதி. சான்றிதழைக் கையில் கொடுத்து "நீயே வேலை தேடிக்கொள்" என்று அனுப்பவில்லை.

பலன் என்ன? 1970ஆம் ஆண்டில் படித்த இரண்டு பேரை மட்டும் பார்ப்போம்.

ஒருவர் மிஷெல் கிளார்க். சிகாகோவில் சி.பி.எஸ். நிலையத்தில் பணியாற்றிய இளம்பெண். 1972இல் சி.பி.எஸ். தேசியச் செய்தியாளர் ஆனார். அமெரிக்கப் பெருநிறுவனத் தொலைக்காட்சியில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர். அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று சிகாகோ விமான விபத்தில் இறந்தார். வயது 29. கொலம்பியா திட்டத்துக்குப் பிறகு அவர் பெயரே வைக்கப்பட்டது.

இன்னொருவர் ஜெரால்டோ ரிவேரா. போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி வழக்கறிஞர். செய்தி அனுபவம் கிடையாது. நியூயார்க்கின் ஏ.பி.சி. நிலையம் அவரை எடுத்து இந்தப் பயிற்சிக்கு அனுப்பியது. 1972 தொடக்கத்தில் அவர் கேமராவோடு வில்லோபுரூக் என்ற அரசுக் காப்பகத்துக்குள் நுழைந்தார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் ஆடையில்லாமல், அழுக்கில், கவனிப்பாரற்றுக் கிடந்ததை அமெரிக்கா அன்றுதான் பார்த்தது. வழக்குகள் வந்தன, சட்டங்கள் மாறின, கடைசியில் அந்தக் காப்பகமே மூடப்பட்டது. பின்னாளில் ரிவேராவின் பரபரப்பு நிகழ்ச்சிகளைப் பலர் கிண்டல் செய்தார்கள். அது வேறு கதை. ஆனால் ஒரு கோடைக்காலப் பயிற்சி முடித்து இரண்டே ஆண்டுகளில் இப்படி ஒரு செய்தியைக் கொண்டுவர முடிந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆக, 'தகுதியான ஆள் இல்லை' என்ற வாதம் சில மாதங்களில் உடைந்துவிட்டது. தகுதி என்பது பிறவியிலேயே வருவதல்ல, யாராவது சொல்லித் தந்தால் வருவது என்று நிரூபணமானது.

பிறகு? 1974இல் நிதி தீர்ந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோரைத் தயார் செய்த திட்டம் கொலம்பியாவில் மூடப்பட்டது! அங்கே பாடம் நடத்தியவர்களில் ஒருவரான ராபர்ட் மேனார்டும் நண்பர்களும் விடவில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குத் திட்டத்தைக் கொண்டுபோய், 1977இல் அதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ஆனால் அது பெரும்பாலும் பத்திரிகைகளின் பக்கம் சாய்ந்தது.

கேமராவுக்குப் பின்னால்

செய்தி வாசிப்பவரை எல்லோரும் பார்க்கிறார்கள். கேமரா பிடிப்பவரை, ஒலி பதிபவரை, படத்தொகுப்பு செய்பவரை யார் பார்க்கிறார்கள்? அங்கே நிலைமை இன்னும் மோசம். தொழில்நுட்ப வேலைக்குத் தொழிற்சங்க அட்டை வேண்டும். அட்டை வேண்டுமென்றால் அனுபவம் வேண்டும். அனுபவம் வேண்டுமென்றால் அட்டை வேண்டும்! சங்கத்துக்குள் அப்பா, சித்தப்பா, மாமா யாராவது இருந்தால் இந்தச் சுற்று தானாகவே உடையும். இல்லாதவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

1968 ஜூனில் பொதுத் தொலைக்காட்சியில் 'பிளாக் ஜர்னல்' என்ற நிகழ்ச்சி ஆரம்பமானது. கறுப்பினத்தவரால், கறுப்பினத்தவருக்காக என்று விளம்பரம். ஆனால் தலைமைத் தயாரிப்பாளர் வெள்ளையர். ஆகஸ்ட் மாதம் கறுப்பினப் பணியாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். "எங்கள் நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டு முடிவெடுப்பது வேறு யாரோ என்றால் எப்படி?" என்பதுதான் அவர்களின் கேள்வி. நிர்வாகம் இறங்கி வந்தது. வில்லியம் கிரீவ்ஸ் தலைமைத் தயாரிப்பாளர் ஆனார். அமெரிக்காவில் வாய்ப்பில்லை என்று 1952இல் கனடாவுக்குப் போய், அங்கே தேசியத் திரைப்பட வாரியத்தில் தொழில் கற்றுத் திரும்பியவர் அவர். அவர் தலைமையில் நிகழ்ச்சி எம்மி விருது வாங்கியது.

இந்த நிகழ்ச்சியை ஒட்டி ஒரு பயிற்சிப் பள்ளியும் நடந்தது. பெக்கி பின் என்ற பெண்மணி அதன் பொறுப்பாளர். கேமரா, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்று வேலையையே கற்றுக்கொடுத்த பள்ளி அது. 'பிளாக் ஜர்னல்' குழுவில் வேலை செய்த மேட்லின் ஆண்டர்சன், சவுத் கரோலினா மருத்துவமனைப் பெண் ஊழியர்களின் போராட்டம் பற்றி 1970இல் எடுத்த ஆவணப்படம் 2019இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. செயின்ட் கிளேர் போர்ன் என்ற இன்னொரு முக்கிய ஆவணப்பட இயக்குநரும் இந்தக் குழுவில் வளர்ந்தவரே.

கதவைத் திறந்தது எது?

இப்போது ஒரு கேள்வி. நிறுவனங்கள் திடீரென்று ஏன் இத்தனை நல்லவர்கள் ஆனார்கள்?

விடை அந்தக் காகிதத்தில் இருக்கிறது. 1969இல் எஃப்.சி.சி. வேலை வாய்ப்பில் பாகுபாடு காட்டக்கூடாது என்று நிலையங்களுக்கு விதி போட்டது. 1970இல் ஒவ்வொரு நிலையமும் சம வாய்ப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும், எந்த வேலையில் எத்தனை சிறுபான்மையினர் என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றது. 1971இல் பெண்களுக்கும் சம வாய்ப்புத் திட்டம் கட்டாயமானது. நம் ஊர் இட ஒதுக்கீடு போல 'இத்தனை சதவீதம்' என்று நிர்ணயித்த சட்டம் அல்ல இது. ஆனால் கணக்கு மோசமாக இருந்தால் உரிமம் புதுப்பிக்கும்போது கேள்வி வரும். ஜாக்சனில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது.

1970களின் தொடக்கத்தில் சி.பி.எஸ். வாஷிங்டன் அலுவலகத்துக்கு மூன்று இளைஞர்கள் வந்தார்கள். சீன வம்சாவளிப் பெண் கோனி சங், கறுப்பினத்தவரான பெர்னார்ட் ஷா, வெள்ளைப் பெண் லெஸ்லி ஸ்டால். அந்த விதிகளின் நெருக்கடியால்தான் தங்களுக்கு வேலை கிடைத்தது என்று ஸ்டால் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார். கோனி சங் 1993இல் சி.பி.எஸ். மாலைச் செய்தியை இணைந்து வழங்குபவர் ஆனார். ஷா 1980இல் தொடங்கிய சி.என்.என்.னின் முக்கிய முகம். 1991 வளைகுடாப் போரில் பாக்தாத் ஓட்டல் அறையிலிருந்து குண்டுவீச்சை உலகத்துக்குச் சொன்ன குரல்களில் ஒன்று அவருடையது. ஸ்டால் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில் பல பத்தாண்டுகள் நிலைத்தார். நெருக்கடியால் எடுக்கப்பட்டவர்கள் தகுதியற்றவர்களா என்ற கேள்விக்கு இதற்கு மேல் பதில் வேண்டுமா?

பெயர்ப் பலகைப் பதவிகள்

ஆனால் கணக்குக் கேட்டால், கணக்கை ஜோடிப்பதும் நடக்கத்தானே செய்யும்? 1977இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம், தொலைக்காட்சியில் பெண்களும் சிறுபான்மையினரும் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. கடைக் கண்ணாடிக்குள் அலங்காரமாக வைக்கும் பொம்மை என்ற பொருளில் அதற்குத் தலைப்பு! நிலையங்கள் கொடுத்த படிவங்களில் 'அதிகாரி', 'மேலாளர்' என்று பலருக்குப் பதவி இருந்தது. விசாரித்துப் பார்த்தால் சம்பளமும் அதிகாரமும் வேறு கதை சொன்னன. என்ன நிகழ்ச்சி, யாருக்கு வேலை, எவ்வளவு செலவு என்று முடிவெடுக்கும் மேசையில் அவர்கள் இல்லை.

பயிற்சித் திட்டங்களின் பெரிய ஓட்டை இதுதான். நுழைவாயிலில் ஆளைக் கொண்டுவந்து விடுவதோடு அவை நின்றுவிட்டன. மாடிக்குப் போகும் படியை யாரும் கட்டவில்லை.

நின்றுபோன கணக்கு

1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று எஃப்.சி.சி.யின் வேலைவாய்ப்பு விதிகளை ரத்து செய்தது. இனத்தைப் பார்த்து ஆள் எடுக்கும்படி நிலையங்களை அவை மறைமுகமாக நெருக்குகின்றன, அது அரசியல் சட்டத்துக்கு முரண் என்பது தீர்ப்பு. எஃப்.சி.சி. 2000இல் மாற்று விதிகள் கொண்டுவந்தது. 2001இல் அவையும் ரத்து. அதன் பிறகு வந்த விதிகள், காலிப் பணியிடங்களைப் பரவலாக அறிவித்தால் போதும் என்ற அளவில் நின்றன.

எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் எடுத்த கணக்கும் 2001இல் நின்றது. 20 ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கணக்கே எடுக்கப்படவில்லை. 2024இல் மறுபடி எடுக்க எஃப்.சி.சி. முடிவு செய்தது. 2025 மே மாதம் நீதிமன்றம் அதையும் ரத்து செய்துவிட்டது. வணிகவியல் படிக்கும் எவருக்கும் தெரிந்த பாடம் இது. கணக்கு எழுதாத கடையில் லாபமா நஷ்டமா என்று சண்டை போட்டுக்கொண்டே இருக்கலாம், முடிவு வராது.

இலவச எழுத்தாளர்

சட்டத்தின் நெருக்கடி போன இடத்தில் மக்களின் நெருக்கடி வந்தது. 1999இல் நான்கு பெரிய நிறுவனங்களும் சேர்ந்து 26 புதிய தொடர்களை அறிவித்தன. ஒன்றில்கூட முக்கியப் பாத்திரத்தில் சிறுபான்மையினர் இல்லை. கறுப்பினத்தவரின் பழம்பெரும் அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைவர் க்வெய்சி ம்ஃபூமே, நிறுவனங்களைப் புறக்கணிப்போம் என்று எச்சரித்தார். 2000 தொடக்கத்தில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக ஒப்பந்தத்துக்கு வந்தன.

அதில் என்.பி.சி. ஒத்துக்கொண்ட ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. ஒரு தொடரின் எழுத்தாளர் குழுவில் சிறுபான்மையினர் ஒருவரைச் சேர்த்தால், அந்தச் சம்பளம் தொடரின் பட்ஜெட்டில் சேராது, நிறுவனமே கொடுக்கும். தொடர் நடத்துபவரின் பார்வையில் இது இலவச எழுத்தாளர்!

இந்த வழியாக 24 வயதில் 'தி ஆபீஸ்' தொடருக்குள் வந்த ஒரு பெண்ணின் முழுப் பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். அப்பா தமிழர், அம்மா வங்காளி. சொக்கலிங்கத்தைச் சுருக்கி 'காலிங்' ஆக்கிக்கொண்ட மிண்டி காலிங்தான் அவர். எட்டுப் பேர் கொண்ட எழுத்தாளர் குழுவில் ஒரே பெண். பன்முகத் திட்டத்தில் வந்தவள் என்பதைச் சொல்லவே பல காலம் வெட்கப்பட்டதாக அவர் பின்னாளில் பேசியிருக்கிறார். மற்றவர்களுக்குத் தெரிந்தவர்கள் மூலம் கிடைத்த வாய்ப்புதான் தனக்குத் திட்டத்தின் மூலம் கிடைத்தது என்பது பிறகுதான் உறைத்ததாம். 2010இல் 'தி ஆபீஸ்' எழுத்துக்காக எம்மி பரிந்துரை. 2012இல் தன் பெயரிலேயே தொடர். 2020இல் அவர் இணைந்து உருவாக்கிய 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரின் நாயகி ஒரு தமிழ்ப் பெண். நடித்தவர் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன். பொதுத் தேர்வில் ஏறத்தாழ 15,000 பேரிலிருந்து தேர்வானவர். ஒரு ஆளை உள்ளே விட்டால் அவர் பின்னால் எத்தனை பேருக்குக் கதவு திறக்கிறது என்பதற்கு நல்ல உதாரணம்.

ஆனால் இந்தத் திட்டத்தின் மறுபக்கமும் உண்டு. இலவசக் காலம் முடிந்ததும் அந்த எழுத்தாளரின் சம்பளத்தைத் தொடரே கொடுக்க வேண்டும். அப்போது பலர் கழற்றிவிடப்பட்டார்கள். அடுத்த ஆண்டு இன்னொரு இலவச எழுத்தாளர் வருவார். கழற்றிவிடப்பட்டவர் வேறு தொடரில் மறுபடி அடிமட்டத்திலிருந்து தொடங்குவார். மானியம் நின்றதும் வாங்குபவர் காணாமல் போவது சந்தையில் புதிதில்லை. ஆனால் இங்கே விலை போகாமல் கிடந்தது ஒரு மனிதரின் வாழ்க்கை.

திசை மாறிய காற்று

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீசாரால் கொல்லப்பட்ட பிறகு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வாக்குறுதி கொடுத்தன. எழுத்தாளர் குழுக்களில் 40 சதவீதம், பிறகு 50 சதவீதம் வெள்ளையரல்லாதோர் என்று சி.பி.எஸ். இலக்கு அறிவித்தது. 2022இல் செலவைக் குறைக்கக் கிளம்பிய வார்னர் பிரதர்ஸ், தன் பழைய எழுத்தாளர், இயக்குநர் பயிற்சிப் பட்டறையையே மூடப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பிய பிறகு பின்வாங்கியது. 2024இல், வெள்ளையர் என்பதால் தனக்கு எழுத்தாளர் வேலை மறுக்கப்பட்டது என்று ஒருவர் சி.பி.எஸ். மீது வழக்குப் போட்டார். 2025இல் அது சமரசத்தில் முடிந்தது. அவருடைய கேள்வியையும் ஒரேயடியாக ஒதுக்க முடியாது. இடங்கள் குறைந்துகொண்டே வரும் தொழிலில், ஒருவருக்குத் திறக்கும் கதவு இன்னொருவருக்கு மூடுவது போலத்தான் தெரியும்.

2025இல் கதை தலைகீழானது. எஃப்.சி.சி.யின் புதிய தலைவர் பிரெண்டன் கார், என்.பி.சி.யின் தாய் நிறுவனமான காம்காஸ்ட், ஏ.பி.சி.யை வைத்திருக்கும் டிஸ்னி ஆகியவற்றின் பன்முகத் திட்டங்கள் மீதே விசாரணை தொடங்கினார். அதே ஆண்டு ஜூலையில், சி.பி.எஸ்.ஸை வைத்திருக்கும் பாரமவுண்டை ஸ்கைடான்ஸ் நிறுவனம் வாங்க அனுமதி கிடைத்தபோது, அத்தகைய திட்டங்கள் இருக்காது என்று உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. 1969இல் ஆள் எடுக்கச் சொன்ன அதே ஆணையம், அதே உரிம அதிகாரத்தை வைத்துக்கொண்டு இப்போது எதிர்த்திசையில் தள்ளியது.

முடிவாக...

இந்த அறுபது ஆண்டுக் கதையில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. திறமை எப்போதும் தட்டுப்பாடாக இருக்கவில்லை. ஒரு கோடைக்காலம் சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும் திறமைக்காக ஒரு தொழிலே 'ஆள் இல்லை' என்று பல ஆண்டுகள் கையை விரித்தது. பயிற்சி கொடுத்தவர்கள் அந்தப் பொய்யை உடைத்தார்கள். அது பெரிய சாதனை. ஆனால் பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுக்க வைத்தது பாடத்திட்டம் அல்ல, உரிமம் போய்விடும் என்ற பயமும் பார்வையாளர்கள் போய்விடுவார்கள் என்ற பயமும்தான். பயம் குறைந்தபோதெல்லாம் திட்டங்களும் சுருங்கின.

எனவே, எந்த ஊரிலும் எந்தத் துறையிலும் 'பின்தங்கியவர்களுக்குப் பயிற்சித் திட்டம்' என்று விளம்பரம் பார்த்தால் மூன்று கேள்விகள் கேட்கலாம். பயிற்சி முடிந்ததும் வேலை உண்டா? முதல் ஆண்டுக்குப் பிறகு சம்பளம் யார் பையிலிருந்து வருகிறது? உள்ளே போனவர்கள் பத்து ஆண்டுகள் கழித்து எங்கே இருக்கிறார்கள் என்று யாராவது கணக்கு வைக்கிறார்களா?

மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், கையில் கிடைப்பது சான்றிதழ் மட்டும்தான்.